பால் கவரில் சுற்றிய சீட்டு

அந்தச் சைக்கிளை யாரோ தினமும் ஓட்டி வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே, அது கேட்பாரற்றுக் கிடக்கும் சைக்கிள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று மதியத்துக்குள் அது மற்ற சைக்கிள்களோடு டெம்போவில் ஏறிக் காயலான் கடைக்குப் போய்விட்டது. பதினோரு வருடம் இதை யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடமும் சொல்லவில்லை.

நான் அப்போது பெங்களூரில் ஒரு பெரிய கல்வி வளாகத்தில் எஸ்டேட் ஆபீசர். கட்டடம், தண்ணீர், சாக்கடை, மரம், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் என் பொறுப்பு. படித்தது சிவில் இன்ஜினியரிங். சாக்கடைக்கும் தண்ணீருக்கும் அந்தப் படிப்பு உதவியது. சைக்கிள்களுக்கு உதவவில்லை.

வளாகங்களில் சைக்கிள் ஒரு தீராத தொல்லை. முதல் வருடம் சேரும் மாணவன் ஆசையாக ஒன்று வாங்குவான். படிப்பு முடிந்ததும் பூட்டிவிட்டு ரயில் ஏறிவிடுவான். நாலைந்து வருடத்தில் ஸ்டாண்ட் முழுவதும் இப்படிச் செத்த சைக்கிள்களால் நிறைந்துவிடும். தினமும் ஓட்டுகிறவர்களுக்கு இடம் கிடைக்காது. அவர்கள் மரத்திலும் மாடிப்படிக் கம்பியிலும் சாய்த்து வைப்பார்கள். அதைப் பார்த்துப் பேராசிரியர்கள் எனக்குப் புகார் எழுதுவார்கள்.

இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாச் சைக்கிளிலும் ஒரு மஞ்சள் அட்டைச் சீட்டைக் கட்டுவது. சீட்டைப் பார்த்த சொந்தக்காரர் அதை அறுத்து எறிந்துவிட வேண்டும். பதினைந்து நாள் கழித்தும் சீட்டு தொங்கினால் அந்தச் சைக்கிளுக்கு ஆள் இல்லை. யாரையும் தேட வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம். இந்த யோசனையில் எனக்குப் பெருமை இருந்தது. சீட்டில் விவரம் ஆங்கிலத்தில் மட்டும் அச்சடித்தேன். அடியில் அலுவலகத்தின் வட்ட முத்திரை.

மாணவர்கள் முதல் நாளே சீட்டைப் பிய்த்து எறிந்தார்கள். ஆனால் வளாகத்தில் சைக்கிளில் வருகிறவர்கள் மாணவர்கள் மட்டும் அல்ல. கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கும் பெண்கள், தோட்ட வேலைக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் கொடுத்திருந்த கேட் பாஸ் ஒரு மஞ்சள் அட்டை. அதிலும் அதே வட்ட முத்திரை. அதைக் காட்டினால்தான் காலையில் உள்ளே விடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் தங்கள் சைக்கிளில் அதே நிறத்தில், அதே முத்திரையோடு ஒரு அட்டை தொங்குவதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? ஆபீஸ் நம் வண்டிக்கும் பாஸ் கொடுத்துவிட்டது என்றுதான். அதை அறுப்பார்களா? பத்திரப்படுத்தினார்கள்.

இது எனக்குப் பதினைந்தாம் நாள் காலைவரை தோன்றவில்லை.

மறுநாள் வெளியிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வர இருந்தது. அவர்களுடைய கார்கள் நிற்பதற்கு முன்வாசலை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்ட் காலியாக வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். ஆகிவிடும் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். சீட்டு அறுபடாத சைக்கிள்களின் பட்டியலோடு, கட்டர் பிடித்த இரண்டு காவலர்களோடு வரிசையாக நடந்தேன். பெரும்பாலானவற்றில் தூசி, காற்று இறங்கிய டயர். ஒன்றின் கம்பிகளுக்குள் கொடி ஏறியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு மெரூன் நிற லேடீஸ் சைக்கிள்.

அதன் சீட்டை யாரோ பால் கவரில் போட்டுச் சுற்றியிருந்தார்கள். கவரைக் கழுவி, உட்புறத்தை வெளியே திருப்பி, வட்ட முத்திரை வெளியே தெரியும்படி உள்ளே அட்டையைச் செருகி, ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். அந்த வாரம் மழை. டயரில் அன்று காலைச் சேறு ஈரமாக இருந்தது. செயினில் எண்ணெய் மினுங்கியது.

காவலர் ஒருவர், "சார், இது ஓடற வண்டி மாதிரி இருக்கே," என்றார்.

"லிஸ்ட்ல இருக்குல்ல? எடுங்க," என்றேன்.

அந்த ஒன்றை விட்டால் மற்றவற்றையும் நின்று பார்க்க வேண்டும். பார்த்தால் என் முறையே தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்டாண்ட் காலியாகாது. இவ்வளவும் அந்த ஒரு நிமிடத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பூட்டை வெட்டும்போது நான் அடுத்த சைக்கிளுக்கு நகர்ந்துவிட்டேன். ஓடுகிற சைக்கிள்கள் இன்னும் எத்தனை இருந்தன என்று எண்ணக் கூடாது என்பதற்காகவே வேகமாக நடந்தேன்.

என் அறை முதல் மாடியில். ஜன்னலிலிருந்து முன்வாசல் தெரியும். இரண்டு மணிக்குக் காலை ஷிப்ட் முடிந்ததும் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். காலியான ஸ்டாண்டைப் பார்த்து நின்றார். மரங்களுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். மறுபடி வந்து அதே இடத்தில் நின்றார். பிறகு காவலரிடம் கேட்டுவிட்டு மாடி ஏறி வந்தார்.

வெளி அறையில் என் குமாஸ்தா இருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. நோட்டீஸ் கொடுத்துப் பதினைந்து நாள் ஆகிவிட்டது, ரூல்படி எடுத்தாகிவிட்டது என்று அவர் சொன்னார்.

"சீட்ட நான் கழட்டவே இல்லியே சார். நனையக் கூடாதுன்னு கவர்கூட போட்டு வெச்சிருந்தேன்."

குமாஸ்தா ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"கவர் போட்டதால சீல் தெரியாம பூட்ச்சா சார்?"

குமாஸ்தா என் கதவுப் பக்கம் திரும்பினார். நான் ஒரு பைலைத் திறந்து குனிந்துகொண்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமலே அந்த அம்மாள் படி இறங்கிப் போனார். அப்போதுகூட ஒரு போன் போட்டிருந்தால் காயலான் கடையிலிருந்து வண்டியை மீட்டிருக்கலாம். போடவில்லை.

அவர் வீடு ஜீவனஹள்ளியில். காலை ஆறு மணிக்கு வளாகத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அங்கிருந்து சரியான பஸ் இல்லை. சில நாள் நடந்தும் ஓடியும் வந்திருக்கிறார். மூன்று முறை தாமதமானதும் கான்ட்ராக்டர் நிறுத்திவிட்டார். இதைத் துப்புரவு வேலையின் மேஸ்திரி வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் என்னிடம் சொன்னார். நான் அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

ஓய்வுபெற்றுத் தொம்மலூரில் எங்கள் பழைய வீட்டில் இருக்கிறேன். போன வருடம் அந்த வளாகத்திலிருந்து ஒரு பேராசிரியை கூப்பிட்டார். சேலத்துக்காரர், சிறு வயது. வளாகத்துச் சைக்கிள் ஏற்பாட்டை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். உற்சாகமாகப் பேசினார். சாலையில் மாநகராட்சி போட்டிருக்கும் சைக்கிள் பாதை கேட் வரை வந்து நின்றுவிடுகிறது, அதை உள்ளே கொண்டுவரப் போகிறார்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் கூரை போட்ட ஸ்டாண்ட் வரப்போகிறது. ஆனால் செத்த சைக்கிள்களை முதலில் அகற்ற வேண்டும். அதற்குப் பழைய பைல்களைத் தேடியபோது என்னுடையது கிடைத்ததாம்.

"உங்க மெத்தட் ரொம்ப க்ளீனா இருக்கு சார். அப்படியே எடுத்துக்கலாம்னு இருக்கோம். மீட்டிங்குக்கு வந்து நீங்களே விளக்கினா நல்லாருக்கும்."

வருகிறேன் என்றேன். போனை வைத்தேன். எதிரே என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"மீட்டிங்ல சொல்றது சுலபம். நாலு பேர் சேர்ந்து பரவால்லன்னு சொல்லிடுவாங்க. அந்தப் பொம்பளைகிட்ட போய்ச் சொல்லுங்க," என்றாள்.

அவள் சொன்னபடிதான் நடந்தது. கூட்டத்தில் ஏழெட்டுப் பேர். புதிய திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் என் பதினைந்து நாள் சீட்டு வரிக்கு வரி இருந்தது. இதை எடுத்துவிடுங்கள் என்று சொல்லி, ஏன் என்பதையும் சொன்னேன். பால் கவரை நான் பார்த்ததைச் சொன்னேன், காவலர் எச்சரித்ததைச் சொன்னேன். ஒருவர், "இட் ஹேப்பன்ஸ் சார்," என்றார். இன்னொருவர் பேச்சை வடிகால் மூடிகளுக்குத் திருப்பப் பார்த்தார். பேராசிரியை மட்டும் என் சீட்டு இருந்த கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகு, "அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க சார்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அவரே துப்புரவுப் பெண்களிடம் விசாரித்தார். மூத்த பெண் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. ஜீவனஹள்ளியிலேயே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை.

அடுத்த நாள் ஆட்டோ பிடித்துப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று கட்டுரை மாதிரி தயாரித்துக்கொண்டு போனேன். சமையலறை வாசலில் அமர்ந்து அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிவதற்கும் வழியில்லை, அன்று நான் அறையை விட்டு வெளியே வரவில்லையே. இன்ன வளாகம், இன்ன வேலை என்று சொன்னதும் கத்தி நின்றது. தயாரித்த கட்டுரை மறந்துபோய்விட்டது.

"அம்மா, நீங்க கவர் போட்டது தப்பே இல்ல. சீல் நல்லாத் தெரிஞ்சுது. நான் என் கண்ணால பார்த்தேன். ஓடற வண்டின்னு தெரிஞ்சும் எடுக்கச் சொன்னது நான்தான்."

"தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை. நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு மாதிரி இருந்தது.

"பால் பாக்கெட்ட கழுவும்போதெல்லாம் நெனப்பேன் சார். ஒழுங்கா அப்டியே உட்ருந்தா வண்டி இருந்திருக்குமேன்னு. அதிக புத்திசாலித்தனம் பண்ணி நானே கெடுத்துக்கிட்டேன்னு." பீன்ஸ் தட்டைத் தள்ளி வைத்தார். "அப்ப என் மேல ஒண்ணும் இல்ல."

"உங்க மேல ஒண்ணும் இல்லம்மா."

எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரத்தைச் சொன்னேன். புதுச் சைக்கிள் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன்.

"இந்த முட்டிய வெச்சிக்கிட்டா? சும்னே இருங்க சார்." தட்டைத் திரும்ப இழுத்து ஒரு பீன்ஸை நறுக்கினார். பிறகு, "ஒண்ணு செய்றீங்களா? ஒக்கலிபுரம் போகணும்," என்றார்.

அப்போதுதான் முழுக் கதையும் வந்தது. அந்தச் சைக்கிள் அவருடையதே அல்ல. ஒக்கலிபுரத்தில் இருக்கும் நாத்தனாருடையது. கணவரின் அக்கா, கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். ஒரு வருடம் ஒரு நாள்கூட லீவு போடாமல் வந்ததற்காக அந்தச் சைக்கிளைப் பரிசாக வாங்கியிருந்தார். தம்பி பெண்டாட்டிக்கு வேலை கிடைத்ததும், காலையில் போக வர இருக்கட்டும் என்று கொடுத்திருந்தார். ஆபீஸ்காரர்கள் எடுத்துவிட்டார்கள் என்று இவர் சொன்னபோது நாத்தனார் நம்பவில்லை. கேட்டுக்குள் வைத்து, பூட்டுப் போட்டு, பாஸும் கட்டிய வண்டியை எந்த ஆபீஸ் எடுக்கும்? விற்றுவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார். இவர் வேலையும் போனதும் அது உறுதியாகிவிட்டது. பதினோரு வருடமாக இவர் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. பண்டிகைக்குக் கணவர் மட்டும் போய் வருவார். இப்போது நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை கணவர் பேருக்கு மட்டும் வந்திருந்தது.

"திருடின்னு சொன்னத அவ வாயாலயே மாத்திக்கணும் சார். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

வாசல்வரை வந்தவர், ஆட்டோ திரும்பும்போது உள்ளே குனிந்து பார்த்தார். வளாகத்தில் மறுபடி சைக்கிள் எடுக்கப்போகிறார்கள் என்று நான் சொல்லியிருந்தேன்.

"எழுதறது எதுக்கு சார்? காலைல ஆறு மணிக்கு ஸ்டாண்டுல ஒராள் நின்னு, இது உன்துதானான்னு கேட்டா போதாதா?"

இதை அப்படியே பேராசிரியையிடம் சொன்னேன். இப்போது அதுதான் அங்கே விதி. சீட்டு உண்டு, வேறு நிறத்தில், மூன்று மொழியில். ஆனால் சீட்டை நம்பி எதையும் எடுப்பதில்லை. ஒரு வாரம் ஆறு மணிக்கும் இரண்டு மணிக்கும் ஆள் நின்று கேட்கிறார்கள். காவலருக்கும் தோட்டக்காரருக்கும் தெரியாத சைக்கிளை மட்டும்தான் எடுக்கிறார்கள். அதையும் ஆறு மாதம் ஒரு கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் ராஜகால்வாய் என்று சொல்லும் பெரிய மழைநீர்க் கால்வாய் ஓரம் என் காலத்தில் நான் வெல்டிங் வைத்து மூடிய சிறிய கதவைத் திறந்துவிட்டார்கள். ஜீவனஹள்ளி பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மெயின் ரோட்டின் பெரிய சிக்னலைத் தொடாமல் அதன் வழியாக உள்ளே வந்துவிடலாம். கூரை போட்ட முதல் ஸ்டாண்ட், துப்புரவுப் பெண்கள் கையெழுத்துப் போடும் அறைக்கு எதிரில் வந்தது. கதவு எங்கே இருந்தது, வடிகால் எந்த ஆழத்தில் போகிறது என்று காட்டிக்கொடுத்தது நான். திறந்த அன்று காலை அந்தக் கதவு வழியே சைக்கிள்கள் வருவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒக்கலிபுரம் பாக்கி இருந்தது.

வெறும் வாயால் சொன்னால் அந்த நாத்தனார் நம்பமாட்டார் என்று தோன்றியது. என்னையே தம்பி பெண்டாட்டி அனுப்பிய ஆள் என்று நினைக்கலாம். பேராசிரியையிடம் கேட்டு என் பழைய பட்டியலின் நகலை வாங்கிக்கொண்டேன். அதில் மெரூன் லேடீஸ் சைக்கிள் என்று ஒரு வரி. கீழே, நேரில் பார்த்து உறுதிசெய்தேன் என்று என் கையெழுத்து.

ரயில் பாதைக்குக் கீழே இறங்கும் சந்தில் வீடு. ரயில் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாத்தனார் உட்காரச் சொன்னார். கல்யாண வீடு என்பதால் யாரோ மண்டபத்து ஆள் என்று நினைத்துக் காபியும் வந்துவிட்டது. நான் சொல்லத் தொடங்கினேன். பாதியில் கை நீட்டிக் காகிதத்தை வாங்கி மகளிடம் கொடுத்தார். கல்யாணப் பெண் அந்த வரியைப் படித்து அம்மாவுக்குச் சொன்னாள். கீழே இருப்பது இவர் கையெழுத்து என்றும் சொன்னாள்.

"வண்டிய எடுத்ததுக்குக் கடுதாசி வெச்சிருக்கீங்க. அத இங்க கொண்டாரதுக்கு பதினோரு வருஷமா பெரியவரே?"

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஜுரத்தோட போய் மிஷின்ல ஒக்காந்து வாங்கின வண்டி அது. தெரியுமா ஒங்களுக்கு? படிச்சவரு. கண்ணால பாத்துட்டு கையெழுத்து போட்டீங்களாமே." குரல் ஏறிக்கொண்டே போனது. மகள் தடுக்கப் பார்த்தாள். "நீ சும்மா இருடி. நான் அவள வீட்டு வாசல்ல நிக்க வெச்சு என்னென்ன பேசினேன். அதெல்லாம் இவரு வந்து தொடப்பாரா?"

மேலே ரயில் போனது. நீளமான ரயில். அது போய் முடிவதற்குள் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பிறகு மகளிடம் போனைக் கேட்டார். எண்ணை மகள்தான் தேடிப் போட வேண்டியிருந்தது.

"நான்தான்," என்றார். புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். "இங்க ஒரு கெழவரு வந்து ஒக்காந்திருக்காரு. எல்லாம் சொன்னாரு." மகள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "தப்பா பேசிட்டேன். நீ எடுக்கல. நான்தான் தப்பா பேசிட்டேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மழைக்குக் கவரெல்லாம் போட்டு வெச்சியாமே," என்றார். அதற்கு மேல் என்னைப் பற்றிய பேச்சு இல்லை. முட்டி வலிக்கு யார் எண்ணெய் கொடுத்தது, தம்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறானா, முகூர்த்தப் புடவை என்ன நிறம் என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் மகளுக்குச் சைகை காட்டினார். அந்தப் பெண் ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து, உறையின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "அத்த பேர மொதல்ல எழுது. நானே கொண்டு போய்க் குடுக்கறேன்," என்று போனை மூடிக்கொண்டு சொன்னார் நாத்தனார்.

நான் எழுந்தேன். யாரும் கவனிக்கவில்லை. காபியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன் என்று ஞாபகம்.

மெஜஸ்டிக்கில் பஸ் ஏறி உட்கார்ந்தவன் தூங்கிப்போனேன். பகலில் தூங்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பியபோது தொம்மலூர் தாண்டி மூன்று நிறுத்தம் போயிருந்தது. திரும்பி நடந்து வீட்டுக்கு வந்தேன்.

"அந்த நாத்தனார் என்ன சொன்னா?" என்றாள் மனைவி.

"திட்டினா."

"நல்லா திட்டினாளா?"

"நல்லாவே."

"சரி, கை கால் கழுவிட்டு வாங்க. சாதம் ஆறிப்போகுது," என்றாள்.